வந்தோரும் நிலைத்தோரும்: விருதுநகர் – சிவகாசி வட்டாரக் குடியேற்றங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பல மொழியினரும் பல குலத்தினரும் பல சமயத்தினரும் ஒருங்கே வாழும் சமுதாயம் என்றவுடன் நம்முடைய எண்ணம் இலண்டன், டொராண்டோ, சிங்கப்பூர் ஆகிய பெருநகரங்களை நோக்கிச் செல்கிறது. ஆயின் அத்தகைய சமுதாயம் எவ்வாறு உருவாகிறது, எவ்விடத்தில் உடைகிறது என்பதை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. மதுரைக்குத் தெற்கே, வானம் பார்த்த கரிசல் பூமியில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்ற நம் வட்டாரமே போதிய சான்றாகும்.

இவ்வட்டாரத்தில் இன்று செல்வாக்குடன் விளங்கும் மக்கட் பிரிவுகளுள் பல, ஏதேனும் ஒரு காலத்தில் வேற்றிடத்திலிருந்து வந்து குடியேறியவையே. 'வந்தேறி' என்னும் சொல் இன்று வசைமொழியாகிவிட்டது. அச்சொல்லை வீசுவோரின் முன்னோரும், அது வீசப்படுவோரின் முன்னோரும் பெரும்பாலும் ஒரே பாதையில் நடந்து வந்தவர்களே. ஓர் ஊரில் குடியிருக்க இடம் பெறுவது வேறு. அவ்வூரின் பொதுப் பொருள்களாகிய கிணறு, பள்ளி, கோயில், சந்தை, நிதி ஆகியவற்றில் பங்கு பெறுவது வேறு. முன்னது எளிதில் நிகழ்வது. பின்னதோ எப்போதும் போராட்டத்தின் பேரிலேயே நிகழ்ந்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நம் வட்டார மக்கள் எவ்வாறு கடந்தனர், கடந்தபின் தமக்குப் பின்னால் வந்தவர்க்கு என்ன செய்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கரிசல் நிலமும் தெலுங்கு மக்களும்

மதுரையில் விசுவநாத நாயக்கரின் ஆட்சி 1529இல் தொடங்கியது எனக் கொள்வது மரபு. 1736 வரை நீடித்த நாயக்கர் ஆட்சியில் நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டது. மேற்கே மலையடிவாரத்துப் பாளையங்கள் பல மறவர் தலைவர்களிடமும், கிழக்கே கரிசல் வெளியில் அமைந்த எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி முதலிய பாளையங்கள் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர்களிடமும் இருந்தன. படையுடன் வந்த தலைவர்களைத் தொடர்ந்து உழவரும் வந்தனர். கம்மவார்களும் ரெட்டிகளும் பிறர் உழத் தயங்கிய கரிசல் மண்ணைத் திருத்திப் பருத்தி விளைவித்தனர். கம்மவார் மக்களின் இடப்பெயர்ச்சி நினைவுகளைக் கொண்டு கி. ராஜநாராயணன் 1976இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' புதினத்தை நம்மில் பலர் அறிவோம்.

உழுவோருடன் கைவினைஞரும் வந்தனர். தெலுங்கு பேசும் அருந்ததியர், கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் தோற்சாலையும் காலுக்குச் செருப்பும் செய்து அளித்தனர். அவர்களுடைய உழைப்பின்றிக் கரிசலில் தோட்டப் பயிர் இல்லை. எனினும் உடன் வந்த நிலவுடைமையாளர் ஊரின் நடுவில் குடியமர்ந்தபோது, அருந்ததியர் ஊரின் ஓரத்தில் வைக்கப்பட்டனர். ஒரே மொழி பேசி, ஒரே திசையிலிருந்து வந்தவரிடையேயும் நிலைத்தல் ஒரே விதமாய் இருக்கவில்லை என்பதை நாம் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இராஜபாளையத்தில் ராஜாக்கள் என அழைக்கப்படும் தெலுங்கு மக்கள் தங்கினர். அருப்புக்கோட்டையில் சௌராட்டிர மொழி பேசும் நெசவாளரும், கன்னடம் பேசும் தேவாங்கரும் தறி அமைத்தனர். இவ்வாறு 18ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே, இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் எல்லைக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம் ஆகிய மொழிகள் வீட்டு மொழிகளாய் வழங்கலாயின. இராஜபாளையத்து ராஜாக்கள் குலத்தில் தோன்றிய பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவர் அயலார் என்று எவரும் கருதவில்லை. நூற்றாண்டுகள் பல கடந்தபின் வந்தவர் என்னும் நினைவு மறைந்து, நிலைத்தவர் என்னும் உரிமை மட்டும் எஞ்சுகிறது.

2. தேரிக்காட்டிலிருந்து ஆறு நகரங்களுக்கு

இவ்வட்டாரத்தின் முகத்தை மாற்றிய குடியேற்றம் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. திருச்செந்தூரைச் சூழ்ந்த செம்மணல் தேரிக்காடுகளில் பனையை நம்பி வாழ்ந்த மக்களுள் ஒரு சிலர் வணிகராயினர். கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகியவற்றை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கிச் சென்றனர். பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிவுற்று, கும்பினியாரின் ஆட்சி உறுதிப்பட்டபின் வழிப்பயணம் முன்னிலும் எளிதாயிற்று. வணிகம் செய்யச் சென்றோர் படிப்படியாகச் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நிலையாய்த் தங்கினர். இவற்றையே ஆய்வாளர் 'இராமநாதபுரத்தின் ஆறு நகரங்கள்' என்பர். அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹார்டுகிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்களைப் பற்றிய ஆய்வு நூல் இவ்வரலாற்றை விரிவாய் எடுத்துரைக்கிறது.

அக்காலத்தில் இம்மக்களுக்கு வழங்கப்பட்ட பெயர் இழிவுக் குறிப்புடன் ஆளப்பட்டது. 'நாடார்' என்னும் பெயரை அரசு முறைப்படி ஏற்றது 1921இல்தான். எனவே, புதிய ஊரில் அவர்கள் இரண்டு சுமைகளைச் சுமந்தனர் எனலாம். ஒன்று, அயலூரார் என்பது. மற்றொன்று, தாழ்ந்தோர் என ஒதுக்கப்பட்டமை. பணம் ஈட்ட அவ்வூர்கள் இடமளித்தன, மதிப்பை அளிக்கவில்லை.

மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப் பாதை 1876இல் திறக்கப்பட்டது. கரிசலில் விளைந்த பருத்தி விருதுபட்டி வழியே துறைமுகம் சென்றது. மிளகாய், மல்லி, எண்ணெய் வித்து, பருப்பு ஆகியவற்றின் பெருஞ்சந்தையாக அவ்வூர் வளர்ந்தது. 1923இல் அதன் பெயர் விருதுநகர் என மாறிற்று. 'பட்டி' 'நகர்' ஆனமைக்குப் பின்னால் வந்து குடியேறியவர்களின் உழைப்பு இருந்தது.

3. பேட்டை, மகமை, உறவின்முறை

ஆதரவற்ற புதுக்குடிகள் தம்மை எவ்வாறு காத்துக்கொண்டனர்? இதற்கு விடையாக அமைந்தவை மூன்று அமைப்புகள்.

முதலாவது பேட்டை. வண்டிகளும் மாடுகளும் சரக்குகளும் இரவில் பாதுகாப்பாய்த் தங்குவதற்கென மதில் சூழ அமைக்கப்பட்ட இடமே பேட்டை. ஏறத்தாழ ஒரு நாள் வண்டிப் பயணத் தொலைவில் இவை அமைந்தன. வழியில் காவல் உரிமை பெற்றிருந்த மறவர்க்குக் காவற்கூலி செலுத்த வேண்டியிருந்த நாளில், வணிகன் அச்சமின்றிக் கண்ணயர இப்பேட்டை ஒன்றே இடமாயிற்று.

இரண்டாவது மகமை. பேட்டையைப் பேணுவதற்கென வண்டிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என ஒவ்வொருவரும் செலுத்திய தொகை மகமை எனப்பட்டது. காலப்போக்கில் இது விற்பனையின் மீது ஊரார் தாமே தமக்கு விதித்துக்கொண்ட வரியாயிற்று. அரசன் விதித்ததன்று, எனினும் அதனைச் செலுத்தாதவர் இலர்.

மூன்றாவது உறவின்முறை. அந்தந்த ஊர்க் குடும்பத் தலைவர்கள் கூடி மகமையை ஆளவும், வழக்குகளைத் தீர்க்கவும், திருமணம், கோயில் விழா, இறப்பு ஆகியவற்றில் ஒழுங்கு காக்கவும் ஏற்படுத்திய அவை இது. பொறுப்பாளர் முறைவைத்து மாறினர். ஒருவரிடமே அதிகாரம் குவியாதிருக்க இது வகை செய்தது.

ஊர்ப் பொதுக் கோயிலில் இடமில்லாதபோது தமக்கெனக் கோயில் கட்டினர். விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் கோயிலும், சிவகாசிப் பத்திரகாளியம்மன் கோயிலும் அவ்வாறு சிறப்புற்றவை. பொதுப் பள்ளியில் வரவேற்பில்லாதபோது மகமைப் பணத்தால் பள்ளி நிறுவினர். விருதுநகரில் 1880களில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை வேற்றுச் சாதிப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. வீடுதோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து அப்பள்ளிக்கு அளித்த 'பிடியரிசி' வழக்கத்தை இன்றும் முதியோர் நினைவுகூர்வர். 1903இல் விருதுநகரில் பிறந்த காமராசர் அப்பள்ளியில் கற்றவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்து அவர் விரிவாக்கிய பள்ளிகளுக்கும் மதிய உணவுக்கும் இப்பிடியரிசியுடன் உறவு உண்டு என்று கூறுவது மிகையாகாது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட சிறுபான்மையினர் தமக்குள் ஒடுங்கி அமைப்புகளை உருவாக்குவது, சமுதாயத்திலிருந்து பிரிந்து செல்வதற்கு என்று பலர் இன்றும் குற்றஞ்சாட்டுவர். உலகின் பல நகரங்களில் குடியேறியோர் தமக்கெனச் சங்கமும் கடையும் வழிபாட்டிடமும் அமைக்கும்போது இதே குற்றச்சாட்டு எழுகிறது. ஆனால், நம் வட்டாரத்தில் பேட்டையும் மகமையும் பொதுவாழ்வுக்குள் நுழைவதற்கான படிக்கற்களாய் இருந்தன. தம் கால்களில் நிற்க இடம் பெற்றபின்பே அவர்கள் பொது வாசலைத் தட்டினர்.

4. மறுக்கப்பட்ட வாசல்

தட்டப்பட்ட வாசல் திறக்கவில்லை. 1897இல் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலராகிய இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் பெயரால் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு மதுரையிலிருந்து சென்னை உயர்நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் சென்றது. 1908இல் இறுதித் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. வழக்கமே சட்டம் எனக் கொள்ளப்பட்டது.

சிவகாசியில் நிலைமை இன்னும் கொடிதாயிற்று. அங்குள்ள விசுவநாதர் கோயிலைப் பற்றிய தலவரலாறு, காசியிலிருந்து பாண்டிய மன்னன் கொணர்ந்த இலிங்கம் தென்காசிக்குச் செல்லும் வழியில் இங்கேயே தங்கிவிட்டது என்றும், அதனாலேயே ஊர் சிவகாசி எனப்பட்டது என்றும் கூறும். அயலூரிலிருந்து வந்து தங்கிய தெய்வத்தின் வாசல், அயலூரிலிருந்து வந்து தங்கிய மக்களுக்கு மூடப்பட்டது. ஊர் மக்களுள் மிகப் பெரும்பான்மையினராய் நாடார் இருந்தும், கோயிலுக்குள் செல்ல அவர்கள் உரிமை கோரியபோது கோயிலே அடைக்கப்பட்டது. பகை முற்றியது. 1899 ஜூன் 6ஆம் நாள், சுற்றுப்புற ஊர்களிலிருந்து திரண்ட ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கினர். வீடுகள் எரிந்தன, இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. 'சிவகாசிக் கொள்ளை' என மக்கள் நினைவில் நின்ற அக்கலவரம், திருநெல்வேலிச் சீமையின் பிற ஊர்களிலும் பரவிற்று. தாக்குதலுக்கு முந்திய காலத்தில் மறவர் வீடுகளும் எரிக்கப்பட்டன என்பதை மறைத்தல் வரலாற்று நேர்மை ஆகாது.

இக்கலவரத்தை வெறும் சாதிப் பூசல் எனத் தள்ளிவிடல் எளிது. ஆயின் அதன் உட்பொருளை நோக்கின், புதிதாய் வந்தவர் செல்வத்தில் உயர்ந்தபோது, பழையவர் தம் காவல் உரிமையும் நிலமும் மதிப்பும் கைநழுவக் கண்ட அச்சமும் அங்கே செயலாற்றியதைக் காண்கிறோம். ஆங்கில ஆட்சியில் காவல் முறை ஒழிந்து வருவாய் இழந்த மறவர், தம் இழப்புக்குக் காரணம் ஆட்சி எனக் கொள்ளாது, எதிர்வீட்டில் உயர்ந்து நின்ற வணிகனே எனக் கொண்டனர். குடியேறியோர்க்கு எதிரான சினம் உலகெங்கும் இவ்வழியிலேயே திசைதிரும்புகிறது.

இத்துடன் நம் மிஷனெரி வரலாற்றில் ஒரு செய்தியையும் சேர்த்து எண்ண வேண்டும். இராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட திருநெல்வேலிப் பனையேறும் மக்களைப் பற்றிய ஆங்கில நூலில், அம்மக்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியோர் எனக் கூறினார். அவர்களுடைய அறிவையும் வழிபாட்டையும் தாழ்வாகச் சித்திரித்தார். அதனை நாடார் கல்விமான்கள் கடுமையாய் மறுத்தனர். தாமே பாண்டிய நாட்டின் பழங்குடி எனவும் சத்திரியர் எனவும் எழுதலாயினர். பிரகாசபுரத்தில் 1857இல் மிஷனெரிமாரிடமிருந்து பிரிந்து தனிச்சபை கண்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளையும் அவ்வாறு எழுதியோருள் ஒருவர். 'யார் முதலில் வந்தார்' என்னும் கேள்வி நடுநிலையான ஆராய்ச்சி போலத் தோன்றினும், அது எப்போதும் 'யாருக்கு உரிமை இல்லை' என்னும் முடிவுக்கே கருவியாகிறது. அன்பின் பணியாளரின் பேனாவும் அதற்குக் கருவியாகக் கூடும் என்பது நமக்கு எச்சரிக்கையாகும்.

1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1939இல் மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நிகழ்ந்தது; அதே ஆண்டில் சட்டமும் அதற்குப் பாதுகாப்பளித்தது. தேரிக்காட்டிலிருந்து முதல் வண்டி புறப்பட்டு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குமேல் கழிந்த பின்னரே அவ்வாசல் திறந்தது.

5. திருச்சபை வந்த வழி

நம் திருச்சபையும் இவ்வட்டாரத்துக்கு வழிப்போக்கனாகவே வந்தது. கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வாளராயிருந்த தாமஸ் கஜெட்டன் இராக்லண்டு, டேவிட் பென், மெடோஸ் ஆகிய சர்ச் மிஷன் சங்கத்தார் 1854இல் வடதிருநெல்வேலிச் சுற்றுப்பிரயாண ஊழியத்தைத் தொடங்கினர். கட்டடம் எழுப்பாமல், கூடாரம் அடித்து ஊர் ஊராய்ச் சென்றனர். தென்திருநெல்வேலிச் சபைகள் தம் செலவிலேயே உபதேசியாரை முறைவைத்து மாதந்தோறும் வடக்கே அனுப்பின. இராக்லண்டு 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் காலமானார்.

அதே 1854இல், இலங்கைத் தோட்டங்களில் கூலிகளாய்ச் சென்றிருந்த தமிழரிடையே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டதும், அதற்கும் திருநெல்வேலி உபதேசியார் சென்றதும் இங்கு நினைக்கத்தக்கன. ஒரே சபை, தன் மக்களைப் பின்தொடர்ந்து ஒரு கையை வடக்கே கரிசலுக்கும், மற்றொரு கையைக் கடல் கடந்து மலைத்தோட்டத்துக்கும் நீட்டியது. இடம்பெயர்வோரைப் பின்தொடர்தல் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க இயல்பாயிருந்தது.

வடக்கிலிருந்து அமெரிக்க மதுரை மிஷன் வந்தது. 1834இல் மதுரையில் ஊன்றிய அம்மிஷன் திருமங்கலத்திலும், அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள மண்டபசாலையிலும் நிலையங்கள் அமைத்தது. 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய அதன் இறையியற் பள்ளியே 1845இல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. ஆறு நகரங்களுள் ஒன்று நம் இறையியற் கல்வியின் தொட்டிலாயிருந்தது என்பதை மாணவர் பலர் அறியார். தெற்கிலிருந்து வந்த பணியும் வடக்கிலிருந்து வந்த பணியும் சந்தித்த எல்லையே, சிவகாசி திருநெல்வேலித் திருமண்டலத்திலும், விருதுநகர் மதுரை – இராமநாதபுரம் திருமண்டலத்திலும் அடங்கியிருப்பதற்குக் காரணம். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்ததும், 1985இல் அது பிரிக்கப்பட்டுக் காமராசர் மாவட்டம், அதாவது இன்றைய விருதுநகர் மாவட்டம், உருவானதும் அவ்வெல்லையை மாற்றவில்லை.

தெற்கே நாடார் மக்கள் திரளாய்க் கிறிஸ்தவத்தை ஏற்றிருக்க, ஆறு நகரங்களில் அவ்வாறு நிகழாதது ஏன்? நம் ஊழியத்தின் குறைவு எனச் சிலரும், அவர்களின் கடினம் எனச் சிலரும் கூறுவர். தெற்கத்திப் பனையேறிகள் மிஷனில் கண்ட பள்ளியையும் பாதுகாப்பையும் நீதிமன்றத் துணையையும், வடக்கத்தி வணிகர் தம் உறவின்முறையிலேயே கண்டனர் என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. மேலும், உறவின்முறையை விட்டு விலகியவனுக்குப் பேட்டையும் இல்லை, கடனும் இல்லை, பெண்ணும் இல்லை. காப்பதற்கென எழுந்த மதில், வெளியேறுவதைத் தடுக்கும் மதிலாகவும் ஆயிற்று.

6. தீப்பெட்டியும் பட்டாசும்

1922இல் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு தொழிற்சாலை தொடங்கினர். வறண்ட காற்றும், மழை பொய்த்தால் வேலையற்றுப்போகும் உழவர் கூட்டமும் தொழிலுக்கு ஏற்றனவாயின. இயந்திரத்தைவிடக் கையுழைப்பே மலிவாயிருந்தது. 'கட்டை அடுக்குதல்', 'பெட்டி ஒட்டுதல்' ஆகிய வேலைகள் வீட்டு முற்றங்களுக்கே சென்றன. தீப்பெட்டிக்கு மேலொட்டும் வண்ணத் தாள்களுக்கென அச்சுத் தொழில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுச் சரக்கு தடைப்பட்டதால் பட்டாசுத் தொழில் வேரூன்றிற்று. சிவகாசியை 'குட்டி ஜப்பான்' என்னும் பெயரால் நாடறிந்தது.

இப்போது புதுவகைப் பெயர்ச்சி தொடங்கியது. சுற்றுப்புற ஊர்களிலிருந்து விடியுமுன் பேருந்துகளில் தொழிலாளர் ஏற்றிவரப்பட்டு இருட்டியபின் திருப்பி விடப்பட்டனர். பள்ளர், பறையர், அருந்ததியர், மறவர், நாயக்கர், நாடார் எனப் பல குலத்தாரும், அவர்களுள் பெரும் பகுதியாகப் பெண்களும், நெடுங்காலம் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். ஊருக்குள் வந்தனர், ஊரில் பங்கு பெறவில்லை. குடியேற்றமே இல்லாத நாட்பெயர்ச்சி என்று இதனைக் கூறலாம். மகமை அவர்கள் தொட்ட சரக்கின் மீது வசூலிக்கப்பட்டது. அதனை ஆளும் அவையில் அவர்களுக்கு இடமில்லை.

சிறார் உழைப்பைக் குறித்து உச்ச நீதிமன்றம் எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1990இலும், பின்னர் 1996 டிசம்பர் 10ஆம் நாளிலும் தீர்ப்பளித்தது. பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டுமென 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆணையிட்டது. சிறார் உழைப்பு பெரிதும் குறைந்தது, விபத்து குறையவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் கலந்த பட்டாசுகளையும் தடைசெய்தது. காற்றின் தூய்மைக்கு அது தேவையெனினும், அதன் சுமையைச் சுமந்தவர் திரி கட்டிய கைகளே. 

பிடியரிசி எடுத்துப் பள்ளி கண்ட சமுதாயத்தின் தொழிற்கூடங்களில், பிறர் பிள்ளைகள் பள்ளியை இழந்தனர் என்பது இவ்வரலாற்றில் நெஞ்சை வருத்தும் பகுதி. இது ஒரு குலத்தின் மீது சாட்டும் குற்றமன்று. தொழிற்கூடம் நடத்தியோர், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர், கண்டும் காணாதிருந்த அதிகாரிகள், ஞாயிறுதோறும் இவர்கள் அனைவர்க்கும் ஆசி கூறிய நாம் என அனைவரும் இதில் அடங்குவோம்.

7. இன்று வருவோர்

வருகை நின்றுவிடவில்லை. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. திருநெல்வேலி உபதேசியார் தேடிச் சென்ற அதே தோட்ட மக்களின் வழித்தோன்றல்கள், மூதாதையர் ஊருக்கு அயலாராய்த் திரும்பினர். 1983க்குப் பின் போருக்குத் தப்பி ஏதிலிகள் வந்தனர். விருதுநகருக்கு அண்மையில் குல்லூர்சந்தையில் அவர்களுக்கான முகாம் ஒன்று அமைந்தது. 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயரிட்டது. எனினும், 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைத் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. முகாமில் பிறந்து, தமிழன்றி வேறு தாய்மொழி அறியாது, நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் கற்றும், குடிமக்கள் என்னும் பெயர் பெறாதோர் நம் நடுவே உள்ளனர். மொழி ஒன்றாயிருந்தால் ஒன்றிவிடலாம் என்று கருதுவோர்க்கு இது மறுமொழியாகும்.

மற்றொரு புறம், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களின் இளைஞர் நூற்பாலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் தமிழகமெங்கும் வருகின்றனர். நம் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. 2020 மார்ச்சில் நாடு முடக்கப்பட்டபோது, இவர்களைப் போன்றோர் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய காட்சியை நாடு கண்டது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் எனப் பொய்ப் படக்காட்சிகள் பரவின. பீகார் அரசின் குழு நேரில் வந்து ஆராய்ந்தது. செய்தி பொய்யெனத் தெளிவுற்றது. ஆனால் அது நம்பப்பட்டது என்பதும், பலர் அஞ்சி ஊர் திரும்பினர் என்பதும் உண்மையே. அயலாருக்கும் ஊராருக்கும் இடையே அறிமுகம் இல்லாத இடத்தில் வதந்தி எளிதில் குடிபுகுகிறது.

கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்ற சிவகாசி இளைஞரும், கல்கத்தாவைத் தாண்டியிருந்து இங்கு வரும் இன்றைய இளைஞரும் ஒரே இருப்புப் பாதையில் எதிரெதிராய்ப் பயணம் செய்தவர்கள். முன்னவர் பெயரை நாம் நூல்களில் எழுதுகிறோம். பின்னவர் பெயரை அவர்கள் தங்கும் தெருவில் உள்ளவரும் அறிவதில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்துகள் மூன்று.

முதலாவது, நம் வட்டாரத்தில் 'மண்ணின் மைந்தர்' என்னும் தூய நிலை எவர்க்கும் எளிதில் உரியதன்று. தோண்டத் தோண்ட மற்றொரு வருகையே வெளிப்படும். ஆகவே, உரிமையை வந்த ஆண்டின் கணக்கால் அளத்தல் பொருந்தாது.

இரண்டாவது, குடியேறியோர் தமக்கென அமைப்பு காண்பதை நாம் ஐயத்தோடு நோக்க வேண்டுவதில்லை. அவை அவர்களுக்குப் பேட்டைகள். ஐயத்தோடு நோக்க வேண்டியது, வலிமை பெற்றபின் அவ்வமைப்பு தன் வாசலை யாருக்குத் திறக்கிறது என்பதையே. இது உறவின்முறைக்கு மட்டுமன்று, நம் சேகரக் கமிட்டிக்கும் பொருந்தும். ஒரே திருமண்டலத்தில் சாதிக்கொரு சபையும், ஊருக்கொரு கல்லறைத் தகராறும் நிலவும்போது, கமுதி வழக்கின் தீர்ப்பை நாம் எள்ளி நகையாட முடியாது.

மூன்றாவது, நினைவு. எகிப்தில் அந்நியராயிருந்ததை மறவாதிருக்குமாறு இஸ்ரவேலர்க்குத் திருச்சட்டம் மீண்டும் மீண்டும் கட்டளையிட்டதன் காரணத்தை இவ்வரலாற்றின் ஒளியில் நாம் தெளிவாய் உணர்கிறோம். வந்தவர் நிலைத்தவராகும்போது முதலில் மறைவது அந்நினைவே. அது மறைந்த இடத்தில் அடுத்து வருபவன் அந்நியனாகிறான்.

எனவே, நம் மாணவர்க்கும் உடன் ஊழியர்க்கும் செயல்முறையான ஓர் ஆலோசனையைக் கூறி முடிக்க விரும்புகிறோம். நம் சேகரங்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் எடுத்துப் பாருங்கள். பெயருக்கு அருகில் ஊரும் தொழிலும் எழுதப்பட்டிருக்கும். எக்குடும்பம் எவ்வூரிலிருந்து, எந்தப் பஞ்சத்தில், எந்தத் தொழிலுக்காக வந்தது என்பதைச் சபையின் முதியோரிடம் கேட்டு எழுதுங்கள்; அதனைச் சபையின் ஆண்டு விழாவில் வாசியுங்கள். பின்பு, நம் ஆலயத்துக்கு எதிரே வாடகை அறையில் எண்மர் பதின்மராய்த் தங்கியிருக்கும் வடபுலத்து இளைஞரின் பெயர்களைச் சென்று கேளுங்கள்; முகாமிலுள்ள குடும்பங்களின் பெயர்களையும் கேளுங்கள். அவர்களுள் நம் சபையார் உளரா என்பது அடுத்த கேள்வி. அவர்களுள் ஒருவர் நோயுற்றால் யார் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது, இறந்தால் எக்கல்லறையில் அடக்கம் செய்வது என்பதற்கு நம் சேகரக் கமிட்டியின் குறிப்பேட்டில் இன்றே ஒரு தீர்மானம் எழுதப்பட வேண்டும்.